அது வெள்ளியங்கிரிப் பாறை இல்லை

கண்ணு,

நல்லா இருக்கறயா, மருமக நல்லா இருக்கறாளான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கோணும். கேட்டுட்டேன்னு வெச்சுக்க. இப்ப எனக்கு அதையெல்லாம் நிதானமாக் கேக்கற மனசு இல்லை. நீங்க பெங்களூருக்குக் குடித்தனம் போனதுலிருந்து ஞாயித்துக்கிழமையானாப் பக்கத்து ஊட்டு போன்லதான் பேசறோம். அங்க அந்த ஊட்டுக்காரரு பேப்பரு படிக்கறாப்பல உக்காந்திருப்பாரு, அந்த அக்கா பூண்டு உரிக்கறாப்பல உக்காந்திருக்கும், ரெண்டு பேரு காதும் எம்பக்கத்துலயே இருக்கும். அங்க நின்னு பேசற பேச்சில்லை இது. அதான் எழுதறேன். மருமகளும் படிக்கட்டும். கட்டிக்கிட்டவன் எப்பிடிப்பட்டவன்னு அவளுக்கும் தெரியோணுமில்ல.

மொதல்லயே சொல்லிப்போடறேன். உங்க கல்யாண ஆல்பத்துல கடைசியா ஒரு பெரிய படம் வெச்சிருக்கறயே, நீயும் அவளும் மாலையோட நிக்கறது. ஓரமெல்லாம் புகையாட்டக் கரைஞ்சு போயி, பொறத்தால பழுப்பும் பொன்னுமா ஒரு பாறை தெரியுது. வெள்ளியங்கிரி மலையில எடுத்த பாறைங்கப்பா, கம்ப்யூட்டர்ல ஏத்தி எங்க படத்தோட கலந்திருக்கறேனுங்கன்னு உங்கப்பாகிட்ட நீ சொன்னே. அது பாறை இல்லை. அது உங்கப்பாவோட முதுகு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சாமி. தெரியாமயே போயிரும்னு நெனைச்சயா? தெனமும் அந்த முதுகுல எண்ணெய் போட்டுவிட்டவ நானு.

உனக்கு அப்ப ஒண்ணாங் கிளாசு, அதனால பாதிதான் ஞாபகம் இருக்கும். கணபதியில உங்கப்பா வேலைக்குப் போன பவுண்டரியில, உருக்கின இரும்ப அச்சுல ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அச்சுல எங்கியோ ஈரம் இருந்திருக்குது. பட்டுன்னு வெடிச்சுத் தெறிச்சதுல இவரு திரும்பினாரு, மொகம் தப்பிச்சுது, முதுகு மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்தே கெடந்தாரு. நீ கட்டலுக்கு அடியில புகுந்து படுத்துக்கிட்டு, கீழயிருந்து அவரு மொகத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பே. வலியோட வலியா அவரும் உனக்குச் சிரிச்சுக் காட்டுவாரு. ஆறினதுக்கப்பறம் எடது கையி தோளுக்கு மேல தூக்க வராமயே போச்சு. தோலு இழுத்துப் புடிச்சுக்குது.

அன்னைலிருந்து அவரு சட்டையக் கழட்டி யாரு பாத்திருக்கறா சொல்லு? பவானிக் கூடுதுறையில ஊரே வெறும் ஒடம்போட முங்கி எந்திரிக்குது, இவரு மட்டும் பனியனோட முங்குவாரு. சித்திரை வெயில்ல மனுசனுக்கு மண்டை காயும், அப்பவும் சட்டை மேல சட்டையா இருப்பாரு. உங்க பெரிய மாமன் ஒருக்கா, "ஏனுங் மாப்ள, பனியனுக்குள்ள பவுனு கிவுனு வெச்சிருக்கறீங்களா?"ன்னு லொள்ளுப் பண்ணினதுக்கு, ஒரு வருசம் அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கலை. உன்னையக்கூட அவரு பாக்க விட்டதில்லை. பையன் பயந்துக்குவான்னு சொல்லுவாரு. நான் ஒருத்திதான். பொழுதோட குளிச்சுப்போட்டு வந்து கதவச் சாத்திக்கிட்டு உக்காருவாரு, நான் எண்ணெய் தேய்ச்சு விடுவேன். எடது தோளுக்குக் கீழ தழும்பு மூணு வரப்பாட்ட நிக்கும். அதுக்கு நடுவுல கட்டைவெரல் அகலத்துக்கு வழவழன்னு ஒரு எடம். அத்தனை வெந்தும் வேகாமத் தப்பிச்ச ஒரு மச்சம். கண்ணக் கட்டி உட்டாலும் என்ற கையி அங்க போயிரும். "எப்பிடி இருக்குது?"ம்பாரு. "கொறைஞ்சிருக்குதுங்க"ம்பேன். மனுசன் திரும்பிப் பாக்கவா முடியும்? கண்ணாடியில பாக்கவும் அவருக்கு மனசில்லை. நான் சொல்றதுதான் அவருக்குக் கணக்கு. கொறைஞ்சிருக்குதுன்னு சொன்னா அன்னிக்கு ரெண்டு தோசை எச்சாச் சாப்புடுவாரு. அதுக்காகவே சொல்லுவேன்.

போன வருசம் பொங்க நோம்பி முடிஞ்ச கையோட நீ வந்து ஒரு பேச்சு எடுத்தே. நான் வேலை பாக்கற ஸ்டூடியோவுக்கு ஒரு டாக்டரு வாராருங்க, வெந்த தோலச் சரிபண்ற டாக்டரு, போட்டோவப் பாத்தே சொல்லிப்போடுவாரு, கையி மேல தூக்க வெக்கலாமா இல்லையான்னு. உங்கப்பா ஒரே பேச்சா வேண்டாம்னுட்டாரு. "இருக்கறமட்டும் இப்பிடியே இருந்துட்டுப் போகுது, கம்முனு இரு"ன்னாரு. நீ என்னையத்தான் பாத்தே. நாந்தான் அவரை ஒரு வாரம் தொந்தரவு பண்ணினேன். "உங்க பையன்தானுங்க எடுக்கறான், ஊரானா?"ன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவரு எறங்கி வந்தாரு. இப்ப நெனைச்சா என்ற நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருக்குது.

சட்டையக் கழட்டறதுக்கு முந்தி, கதவு சாத்தியிருக்குதான்னு அவரு போயித் தள்ளிப் பாத்துட்டு வந்தாரு. நெஞ்ச மட்டும் துண்டால மூடிக்கிட்டாரு, அதுல என்ன இருக்குது மூடறதுக்கு, அப்பிடியும் மூடிக்கிட்டாரு. நீ அவரு தோளப் புடிச்சு ஜன்னலோரம் திருப்பி உக்கார வெச்சே. "வெளிச்சம் பக்கவாட்டுல உழுகட்டுங்கப்பா, அப்பத்தான் மேடு பள்ளம் நல்லாத் தெரியும்"னே. இருந்த ஜன்னல்ல ஒண்ணைச் சாத்தி உட்டே. கிட்டக்க போயிப் போயி எடுத்தே, ஒரு ரோலு பூராவும் எடுத்தே. எனக்கு அப்ப ஒண்ணும் தோணலை. டாக்டருக்குக் காட்டறதுன்னா மேடு பள்ளம் எதுக்கு, ஜன்னலச் சாத்தறது எதுக்குன்னு இப்ப கேக்கறேன். "போதுமா சாமி?"ன்னு அவரு ரெண்டு தரம் கேட்டாரு. நீ போனதுக்கப்பறம் என்னையக் கூப்புட்டு, "பையன் மொகம் சுளிச்சானா?"ன்னாரு. இல்லவே இல்லீங்கன்னேன். அது சத்தியம். உன்ற மொகத்துல ஒரு வெளிச்சம்தான் இருந்துச்சு. அப்பனுக்குக் கையி நல்லாயிரும்கற சந்தோசம்னு நெனைச்சுப்போட்டேன் நானு. அட கெரகமே.

அதுக்கப்பறம் டாக்டரு ஊருல இல்லீன்னே. போட்டோ குடுத்திருக்கறேன், பாத்துட்டுச் சொல்லுவாருன்னே. அப்பறம் பொண்ணு கேக்கறது, நிச்சயம் பண்றதுன்னு நாளு ஓடிப்போச்சு. அவரு உங்கிட்ட ஒருக்காலும் கேக்கலை. ஆனா நிலைப்படிகிட்டப் போறப்போ வாரப்போ கைய மேல தூக்கித் தூக்கிப் பாத்துக்குவாரு. "நல்லாயிருச்சுன்னா பரண் மேல இருக்கற அண்டாவ நானே எறக்கிப்போடுவேன்"னு ஒரு நாளு சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நான் அவருகிட்டப் பாத்து எத்தனையோ வருசமாச்சு.

கல்யாணம் முடிஞ்சு ஆல்பம் வந்துச்சு. அவருக்குத் தலைகாலு புரியலை. வார ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் காப்பி வாரதுக்கு முந்தி ஆல்பம் வரும். மத்த பக்கமெல்லாம் சரசரன்னு தள்ளிப்போட்டு நேரா கடைசிப் படத்துக்குப் போயிருவாரு. "எங்க பையன் செஞ்சதுங்க. வெள்ளியங்கிரி ஏறிப்போயி பாறையப் போட்டோ புடிச்சாந்து, பொண்ணு மாப்ள பொறத்தால கொண்டாந்து நிறுத்திப்போட்டானுங்க. கீழ ஒரு படமாம், மேல ஒரு படமாம், ஓரத்தக் கரைச்சு உட்டா ரெண்டும் ஒண்ணாயிருமாம். கம்ப்யூட்டர்ல." நீ சொல்லிக் குடுத்தத அப்பிடியே ஒப்பிப்பாரு. பாலு ஊத்தறவரு, கேஸு கொண்டாரவரு, ஒருத்தரு பாக்கி இல்லை. வந்தவங்க எல்லாம் அந்தப் பாறையத் தொட்டுத் தொட்டுப் பாத்து, எத்தனை அழகுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவரு முதுகத் தொட்டுத்தான் அவருகிட்டயே சொல்லிட்டுப் போனாங்க.

ஒரு மத்தியானம் அவரு படுத்திருந்தாரு. பக்கமெல்லாம் கைரேகையா இருக்குதேன்னு நான் ஆல்பத்தத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். கடைசிப் படம் வந்துச்சு. துணியோட என்ற கையி ஒரு எடத்துல போயி தானா நின்னுக்கிச்சு. என்னடா இதுன்னு பாத்தா, உன்ற தலைப்பாகைக்குப் பக்கத்துல அந்த மச்சம். அதுக்கு அக்கட்டால மூணு வரப்பு. படத்தப் படுக்க வெச்சு, எடம் வலமா மாத்தி, பொன்னு கலரு பூசியிருக்கறே. மருமக மொகத்து மேல மட்டும் ஒண்ணும் படாமத் தொடைச்சு உட்டிருக்கறே. இருக்காது, உனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு என்னைய நானே திட்டிக்கிட்டேன். பெத்த புள்ளையச் சந்தேகப்படறோமேன்னு ஆல்பத்த மூடி எடுத்த எடத்துலயே வெச்சேன்.

அடுத்த நாளு மருதமலைக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு டவுனுக்கு பஸ்ஸு ஏறினேன். நீ முந்தி வேலை பாத்த ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோ மொதலாளி பாய் பாவம், "வாங்கம்மா, வாங்க வாங்க, பையன் எப்பிடி இருக்கறாரு"ன்னு நாற்காலி எடுத்துப் போட்டாரு. எனக்கு உக்காரத் தோணலை. செவுரு பூராவும் மாட்டி வெச்சிருக்கறாங்க. காதுகுத்து, சீரு, அறுபதாங் கல்யாணம், மொட்டையடிச்ச கொழந்தை. எல்லாத்துக்கும் பொறத்தால அதே பாறை. ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம், ஒண்ணு செகப்பு. "இதையத்தாம்மா எல்லாரும் கேக்கறாங்க. உங்க பையன் வெள்ளியங்கிரியில எடுத்தாந்தது. பெங்களூர்ல இதையக் காட்டித்தான் வேலையே வாங்கினாரு"ன்னு பாய் பெருமையாச் சொல்றாரு. அவருமேல தப்பில்லை. அவருகிட்டயும் நீ பொய்யத்தான் சொல்லியிருக்கறே.

"அந்தப் பாறைய மட்டும் தனியாக் காட்ட முடியுங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கென்னம்மான்னு கம்ப்யூட்டரத் தொறந்தாரு. உங்க படம் பெருசா வந்துச்சு. ஒண்ணத் தட்டினாரு, நீயும் மருமகளும் காணாமப் போயிட்டீங்க. இன்னொண்ணத் தட்டினாரு, பொன்னு கலரு போச்சு. அடியில ஏதோ ஒண்ணு பூட்டியிருக்குதேன்னு சொல்லிக்கிட்டே அதையும் தட்டி, நேராத் திருப்பினாரு. அத்தனை பெரிய டிவிப் பொட்டி கணக்கா இருக்கற அதுல, கழுத்தும் தோளும் தெரிய, துண்டு நுனியோட உங்கப்பா உக்காந்திருக்கறாரு. எனக்குப் பொறத்தால கொழந்தைய வெச்சுக்கிட்டு ஒரு புருசன் பொஞ்சாதி நிக்கறாங்க, படம் வாங்க வந்தவங்க. பாய் என்ற மொகத்தப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு. சட்டுனு அந்தப் பொட்டிய அமத்திப்போட்டாரு. எந்திரிச்சுப் போயி செவுத்துல இருந்ததையெல்லாம் ஒண்ணொண்ணாக் கழட்டி மொகத்தத் திருப்பி வெச்சாரு. "எனக்குத் தெரியாதும்மா"ன்னாரு. யாரோ ஒரு மனுசனுக்கு இருக்கற கூச்சம் உனக்கு இல்லாமப் போச்சே கண்ணு!

நீ கேட்டு உங்கப்பா இல்லீன்னு சொன்னது என்ன இருக்குது, சொல்லு. கம்ப்யூட்டர் படிக்கோணும்னே, சரின்னாரு. பவுண்டரி வேலை வேண்டாம்னே, அதுக்கும் சரின்னாரு, இத்தனைக்கும் அவரு மொதலாளிகிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு. மருமக வேற சாதியாச்சேன்னு ஊரு பேசினப்போ, பையனுக்குப் புடிச்சிருந்தாச் சரின்னாரு. அப்பா, உங்க முதுகு எனக்குப் படத்துக்கு ஆகுங்கன்னு நேரா வந்து கேட்டிருந்தீன்னா, வெக்கப்பட்டுக்கிட்டாவது குடுத்திருப்பாரு. கேட்டு வாங்கிக்கறதுக்கும் ஏமாத்தி எடுத்துக்கறதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியலையா? நாளைக்கு உன்ற பொஞ்சாதி உங்கிட்ட நம்பி ஒண்ணக் காட்டுவா, உன்ற கொழந்தை காட்டும். அதையெல்லாம் பாக்கறப்போ இது எதுக்கு ஆகும்னு பாக்காதே. எனக்குத் தெரிஞ்ச புத்தி இதுதான். படிச்சவனுக்கு இதைய நான் சொல்ற மாதிரி ஆகிப்போச்சு.

அவருகிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா ஆயுத பூசை வந்துச்சு. பழைய ஆளுங்களையெல்லாம் பவுண்டரிக்குக் கூப்புட்டிருந்தாங்க. காலையிலயே குளிச்சு வெள்ளை வேட்டி கட்டி, ஆல்பத்த மஞ்சப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பறாரு. அங்கதான் அவரைத் தூக்கிக்கிட்டு ஓடினவங்க எல்லாம் இருக்கறாங்க. அவங்க முன்னால இதைய விரிச்சு வெச்சு வெள்ளியங்கிரிப் பாறைன்னு சொல்லப்போறாரு. என்னால முடியலை. பையப் புடுங்கிக்கிட்டேன். "ஏன் அம்மணி, என்னாச்சு?"ன்னாரு. சொல்லிப்போட்டேன்.

கத்துவாருன்னு நெனைச்சேன். கத்தலை. கட்டல்ல உக்காந்து ஆல்பத்த மடியில வெச்சுக்கிட்டு அந்தப் படத்தையே பாத்தாரு. எங்க இருக்குது தோளுன்னு கேட்டாரு, காட்டினேன். எதுவரைக்கும்னு கேட்டாரு, அதையும் காட்டினேன். அவரு முதுக அவரு அன்னிக்குத்தான் மொத மொதல்லாப் பாக்கறாரு. "இத்தனை பெருசாவா இருக்குது?"ன்னாரு. "நீ கொறைஞ்சிருக்குதுன்னுதானே சொல்லுவே"ன்னாரு. அந்த மனுசன் என்னையப் பாத்த பார்வைய எப்பிடி எழுதறதுன்னு தெரியலை. உன்னையால அவருக்கு எம்மேலயும் நம்பிக்கை இல்லாமப் போச்சு. அன்னைலிருந்து பொழுதோட குளிச்சுப்போட்டு வந்தா கதவ உள்தாப்பாப் போட்டுக்கறாரு. எண்ணெய்க் கிண்ணம் உள்ள இருக்குது, நான் வெளிய இருக்கறேன். எடது கையி எட்டாது. ஒரு பக்கந்தான் எண்ணெய் படுது, சட்டையப் பாத்தாத் தெரியுது.

அன்னிக்கு அவரு பவுண்டரிக்குப் போகலை. வெள்ளை வேட்டிய மாத்தி மடிச்சு வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "படம் பண்ணினாப் பண்ணிட்டுப் போறான், அவன் தொழிலு. டாக்டருகிட்டயும் காட்டியிருப்பானில்ல?" நான் கேட்டுச் சொல்றேனுங்கன்னேன். "சங்கடப்படற மாதிரிக் கேக்காதே. புதுசாக் கல்யாணம் ஆனவன்"னாரு.

அதனாலதான் போன ஞாயித்துக்கிழமை போன்ல அத்தனை மெதுவாக் கேட்டேன், அந்த டாக்டரு பேரு என்ன கண்ணுன்னு. "எந்த டாக்டரும்மா?"ன்னே நீ. பொய் சொல்லித் தடுமாறியிருந்தீன்னாக்கூட எனக்கு ஆறியிருக்கும். நீ தடுமாறலை. நீ நெசமாவே மறந்துபோயிருந்தே. ஒண்ணரை வருசத்துக்கு மேலா அவரு நிலைப்படியில கையத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கறாரு, உனக்கு அப்பிடி ஒருத்தரச் சொன்னதே ஞாபகமில்லை. ஒடம்பப் பாத்துக்கன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டேன். திரும்பி வந்தா உங்கப்பா நம்ம வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரு. "என்ன சொன்னான்?" லைன் கெடைக்கலீங்கன்னேன். "சரி, வார ஞாயித்துக்கிழமை கேட்டுக்கலாம். என்ன அவசரம்"னாரு.

நான் சொன்ன பொய்யி என்னோட போகட்டும், அதுக்கு நான் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கறேன். உன்ற பொய்யையும் சேத்துச் சொமக்க என்னால ஆகாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ பஸ்ஸு ஏறி வந்து அவரு முன்னால உக்காந்து சொன்னீன்னாச் சரி. வரலீன்னா, நான் அவரையும் கூட்டிக்கிட்டுத்தான் பக்கத்து ஊட்டுக்குப் போவேன். நம்பர நானே போட்டு, ரிசீவர அவரு கையில குடுத்துப்போட்டு நான் ஊட்டுக்கு வந்துருவேன். பயப்படாதே, அவரு உன்னையத் திட்டமாட்டாரு. சாப்புட்டயா, மருமக சாப்புட்டாளான்னு கேப்பாரு. அப்பறம், டாக்டரு என்ன சொன்னாரு சாமின்னு கேப்பாரு. நீயே சொல்லிக்க.

அம்மா